வெளிநாடு போன தகப்பனும் நிலுவையில் நிற்கும் ஜீவனாம்சமும்

வங்கிக் கணக்குப் புத்தகத்தை என் மேசைமேல் விரித்து வைத்துவிட்டுத்தான் அந்தத் தாய் பேசத் தொடங்கினார். மகனுக்கு மாதம் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின் கீழ் அவர் உத்தரவு பெற்றிருந்தார். விவாகரத்துக்குப் பின் தகப்பன் துபாய்க்கு வேலைக்குப் போனார். முதல் ஆறு மாதங்கள் ஐந்தாம் தேதி தவறாமல் பணம் ஏறியிருந்தது. அதன் பிறகு 19 தவணைகள் வரவே இல்லை. ஊருக்கு வரும்போது பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று உறவினர்கள் சொன்னதை நம்பிக் காத்திருந்ததாகச் சொன்னார்.

இந்தக் காத்திருப்புதான் பெரிய இழப்பைத் தருகிறது. 125ஆம் பிரிவின்படி (2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு) பெற்ற உத்தரவை வாரண்ட் மூலம் வசூலிக்க வேண்டுமானால், ஒவ்வொரு தவணையும் செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தாக வேண்டும். எனவே அந்தத் தாய்க்கு 12 மாதத் தொகையைத்தான் அந்த வழியில் கேட்க முடிந்தது. முந்தைய ஏழு மாதங்களுக்கான 1,05,000 ரூபாய் காலாவதியாகிவிட்டது. இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின் கீழோ, உரிமையியல் வழக்கிலோ பெற்ற தீர்ப்பாணையாக இருந்தால் நிறைவேற்று மனுவுக்குப் பொதுவாக 12 ஆண்டுகள் அவகாசம் உண்டு. கையில் இருக்கும் உத்தரவு எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அதன் முதல் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நாடு மாறினால் கடமை மாறுவதில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பைத் தாய், தகப்பன் இருவர்மேலும் வைக்கிறது. ஆகவே வளைகுடாவில் செவிலியராக வேலை பார்க்கும் தாயிடமும், பிள்ளையை வளர்க்கும் தகப்பன் பங்கு கேட்கலாம். பரஸ்பர சம்மத விவாகரத்தில் 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று தாய் எழுதிக் கொடுத்திருந்தாலும், பிள்ளையின் உரிமையை அவர் விட்டுக்கொடுத்ததாக நீதிமன்றங்கள் கொள்வதில்லை. எதிர்தரப்பின் வருமானம் தெரியவில்லையே என்று தயங்கவும் வேண்டாம். 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பில், இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், ஜீவனாம்சத்தை மனுச் செய்த நாளிலிருந்தே வழங்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் வகுத்துள்ளது.

அப்படியானால் இங்கே வாங்கிய உத்தரவு துபாயிலோ லண்டனிலோ செல்லுமா என்ற கேள்வி வாரம் ஒருமுறையாவது என்னிடம் வருகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ் ஐக்கிய அரபு அமீரகம், அதன் தீர்ப்பாணைகளை இங்கே நேரடியாக நிறைவேற்றக்கூடிய நாடாக 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்த அறிவிப்பு அமீரகத் தீர்ப்பாணையை இந்தியாவில் நிறைவேற்றத்தான் உதவும். நம்முடைய உத்தரவு அங்கே செல்லுமா என்பதை அந்த நாட்டுச் சட்டமே முடிவு செய்யும். குழந்தைகளுக்கான ஜீவனாம்சத்தை நாடு விட்டு நாடு வசூலிக்க உருவான 2007ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையிலும் இந்தியா சேரவில்லை. ஆகவே வெளிநாட்டில் வசூலிக்க, அங்குள்ள வழக்கறிஞரை அமர்த்தி அங்கேயே வழக்குப் போடுவதுதான் பெரும்பாலும் வழி. மாதம் 15,000 ரூபாய்க்காக அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்பதை முதலிலேயே கணக்குப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் காரணத்தால் என் கவனம் முதலில் இந்தியாவில் என்ன இருக்கிறது என்பதில்தான் போகும். பணம் தர வேண்டியவர் பெயரில் வீடு, மனை, வாடகை வருமானம், இங்குள்ள வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று பார்ப்பேன். வில்லங்கச் சான்று எடுக்க ஆகும் சிறு தொகை வீண் போனதே இல்லை. பாஸ்போர்ட் சட்டத்தின் 10(3)(எச்) பிரிவும் உண்டு: நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்திருப்பது பாஸ்போர்ட் அதிகாரியின் கவனத்துக்கு வந்தால், அவர் பாஸ்போர்ட்டை முடக்கலாம். ஆனால் பாஸ்போர்ட் போனால் வேலையும் போகும், வேலை போனால் பிள்ளைக்கு வரவேண்டிய பணமும் நின்றுவிடும் என்பதால், இதை நான் கடைசியில்தான் எடுப்பேன்.

இன்னும் பிரியாதவர்களுக்கும், பிரிந்து இன்னும் பயணப்படாதவர்களுக்கும் வேலை சுலபம். சமரச ஒப்பந்தத்தில் ஆண்டுதோறும் உயரும் தொகை, பள்ளிக் கட்டணத்தை நேரடியாகக் கட்டும் பொறுப்பு, வெளிநாட்டு முகவரி, வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர், மின்னஞ்சல் வழி நோட்டீஸ் பெறச் சம்மதம் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். எதிர்தரப்பு வராமலே பிறந்த ஒருதலைப்பட்ச உத்தரவை மூன்று மாதங்களுக்குள், தக்க காரணம் காட்டி ரத்து செய்யக் கேட்கச் சட்டம் இடமளிப்பதால், 'நோட்டீஸே கிடைக்கவில்லை' என்ற பதிலுக்கு இடம் வைக்காமல் இருப்பது நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஜீவனாம்சம் வராவிட்டால் வசூலித்துக்கொள்ள இங்குள்ள ஒரு சொத்தை ஈடாகப் பொறுப்பாக்கிக் கொள்வது. அந்தச் சொத்து வழக்கின் பொருளாக இல்லாதபோது சமரசத் தீர்ப்பாணையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவாகிவிட்டால் அது வில்லங்கச் சான்றில் ஏறும், வாங்க வருபவர் கண்ணில் படாமல் போகாது.

அந்தத் தாயின் வழக்கில் இப்படி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. தாம்பரத்தில் தகப்பன் பெயரில் ஒரு வீடு இருப்பது மட்டும் வில்லங்கச் சான்றில் தெரிந்தது. அந்த வீட்டைக் காட்டி மனுச் செய்து, ஜப்தி நோட்டீஸ் அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரத்தில், பவர் பத்திரம் வைத்திருந்த தகப்பனின் தம்பி 1,80,000 ரூபாய்க்கு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார். விடுபட்ட ஏழு மாதங்களுக்கான தொகை அதில் இல்லை.