2>&1: வரிசை மாறினால் என்ன ஆகிறது?

நிரலின் வெளியீட்டையும் பிழைச் செய்திகளையும் ‘விடை’ என்ற ஒரே கோப்பில் சேர்க்கக் கட்டளை வரியில் ‘> விடை 2>&1’ என்று எழுதினால் சரியாக வருகிறது; ‘2>&1 > விடை’ என்று மாற்றிப் போட்டால் பிழைகள் மட்டும் திரையிலேயே வந்து விழுகின்றன, ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் கோப்பைத் திறந்தால் நிரலின் கைக்கு வருவது ஓர் எண்தான். 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழை. அடுத்துத் திறப்பதற்கு மிச்சமிருப்பதில் ஆகச் சிறிய எண், பெரும்பாலும் 3, கிடைக்கும். இதெல்லாம் தெரிந்த கதை.

சுவையான சங்கதி எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. எண் நேரடியாகக் கோப்பைச் சுட்டுவதில்லை. இயங்குதளத்தின் கருவான கெர்னல் வைத்திருக்கும் ஒரு பதிவைச் சுட்டுகிறது. எத்தனை பைட் வரை வந்திருக்கிறோம் என்ற கணக்கு அந்தப் பதிவில்தான் உள்ளது. நிரல் கெர்னலிடம் விடுக்கும் ‘டப்’ (dup) என்ற அழைப்பு கோப்பையும் நகலெடுப்பதில்லை, பதிவையும் நகலெடுப்பதில்லை. அதே பதிவைச் சுட்டும் இன்னோர் எண்ணைத் தருகிறது, அவ்வளவுதான். 3 வழியாக 10 பைட் எழுதிவிட்டு, டப் தந்த 4 வழியாக எழுதிப் பாருங்கள்: 11ஆவது பைட்டிலிருந்து தொடரும். டப் செய்யாமல் அதே கோப்பை இரண்டாம் முறை திறந்திருந்தால் தனிப் பதிவு, தனிக் கணக்கு. 3 எழுதியதன் தலைமேலேயே 4 எழுதிவிடும். ‘> விடை 2> விடை’ என்று எழுதுகிறவர்களுக்குப் பாதி வரிகள் காணாமல் போவது இதனால்தான்.

2>&1 என்றதும், நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலான ஷெல் அழைப்பது ‘டப்2’. 1 எந்தப் பதிவைச் சுட்டுகிறதோ அதையே 2உம் சுட்டட்டும் என்பது கட்டளை. பழைய 2ஐ மூடுவதும் அதற்குள்ளேயே ஒரே மூச்சில் முடிந்துவிடும். இரண்டையும் தனித்தனியாகச் செய்தால், இடைப்பட்ட நேரத்தில் அதே நிரலுக்குள் கூடவே ஓடும் வேறொரு இழை (திரெட்) ஏதாவது கோப்பைத் திறந்து, காலியான 2ஐத் தட்டிக்கொண்டு போய்விடலாம்.

ஷெல் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. 2>&1 முன்னால் நின்றால், அந்த நொடியில் 1 சுட்டுவது திரையை; 2உம் திரையைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ‘> விடை’யால் 1 கோப்புக்கு மாறினாலும் 2 பின்னால் போகாது. அது பிடித்தது 1 என்ற எண்ணை அல்ல, அப்போது அந்த எண் காட்டிய பதிவை. இவ்வளவு எளிய விளக்கம் இருக்கும்போது, இந்த வரியைத் தாயத்துபோல் மனப்பாடம் செய்யச் சொல்லும் பாடமுறைமேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பதிவில் இல்லாமல் எண்ணோடு ஒட்டியிருக்கும் கொடி (ஆம்/இல்லை என்ற குறி) ஒன்றும் உண்டு: ‘வேறு நிரலாக மாறும்போது என்னை மூடு’ என்பது. டப் அதை நகலுக்குக் கொடுப்பதில்லை. டப் செய்யும்போதே அந்தக் கொடியையும் ஏற்றிவிடுவதற்காக 2008இல் லினக்ஸ் 2.6.27 பதிப்பில் ‘டப்3’ சேர்க்கப்பட்டது.