தொகுத்தல்: 'கம்பைல்' என்னும் சொல்லின் பொருளும் வழியும்

கடவுச்சொற்களைக் காத்து வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி, கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி வன்தட்டை மறையாக்கம் செய்யும் வெராகிரிப்ட், மடல்களுக்கு மின்கையொப்பம் இட உதவும் குனூபிஜி போன்ற திறமூலப் பாதுகாப்பு மென்பொருள்களைத் தம் கணினியில் நிறுவ விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. பிறர் ஆயத்தமாகச் செய்து வைத்திருக்கும் கோப்பைப் பதிவிறக்கி நிறுவுவது ஒரு வழி. மென்பொருளை ஆக்கியவர்கள் எழுதிய மூலநிரலைப் பெற்று, அதைத் தம் கணினியிலேயே 'கம்பைல்' செய்துகொள்வது மற்றொரு வழி. இரண்டாம் வழியைப் பற்றித் தமிழில் எழுதும்போது அந்த ஒற்றை வினைச்சொல் பெரும்பாலும் பெயர்க்கப்படாமலே நின்றுவிடுகிறது. பெயர்க்க முயன்றவர்களும் ஆளுக்கொரு சொல்லைக் கையாண்டிருக்கிறார்கள். எந்தச் சொல் ஏற்றது என்று தெரிய வேண்டுமானால், கம்பைல் என்ற சொல் எதைச் சொல்லப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்றைய கணினித் துறையில் அதன் பொருள் தெளிவானது. மனிதர் எழுதவும் படிக்கவும் கூடிய நிரலை, கணினியின் செயலகம் (புராசசர்) நேரடியாக நிறைவேற்றும் கட்டளைகளாக மாற்றி ஓர் இருமக் கோப்பாக ஆக்குவதே கம்பைல் செய்தல் ஆகும். அவ்வேலையைச் செய்யும் மென்பொருள் கம்பைலர் எனப்படும்.

சொல்லின் வேரோ நாம் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. இலத்தீன் மொழியில் 'கம்பிலாரே' என்ற வினைக்குச் சூறையாடுதல் என்பது பொருள். உரோமானியக் கவிஞர் ஹொரேஸ் தம் முதல் அங்கதப் பாடலை முடிக்கும் இடத்தில், இன்னொருவருடைய ஏட்டுப் பேழையைக் கொள்ளையிட்டவன் என்று தம்மை யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இவ்வினையைத்தான் ஆள்கிறார். ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து ஆயராக இருந்த இசிதோர் வேறொரு விளக்கம் தருகிறார். வண்ணம் செய்வோர் பல பொருள்களைக் கல்வத்தில் இட்டு ஒன்றாக இடிப்பதுபோல், பிறர் சொற்களைத் தம் சொற்களோடு கலப்பவரே கம்பிலாத்தோர் என்கிறார் அவர். கல்வத்துக்கு இலத்தீனில் 'பீலா' என்று பெயர் இருப்பதால் எழுந்த விளக்கம் இது. கொள்ளை என்ற பழி காலப்போக்கில் தேய்ந்து, பல நூல்களிலிருந்து திரட்டி ஒரு நூலாக்குதல் என்ற பொருளோடு இச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது.

கணினிக்கு இதைக் கொண்டுவந்தவர் கிரேஸ் ஹாப்பர். அமெரிக்காவில் யூனிவாக் கணினிக்காக 1951, 1952 ஆகிய ஆண்டுகளில் அவர் உருவாக்கிய ஏ-0 என்ற அமைப்பு, இன்று நாம் கம்பைலர் என்று சொல்வதைப் போன்றதன்று. அடிக்கடி தேவைப்படும் கணக்கீட்டுத் துணைநிரல்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அவை காந்த நாடாவில் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. நிரலர் வேண்டிய எண்களை வரிசையாகக் கொடுத்தால், ஏ-0 அந்தத் துணைநிரல்களை நாடாவிலிருந்து எடுத்து ஒன்றாகக் கோத்துத் தந்தது. அதாவது அது செய்த வேலை உண்மையிலேயே திரட்டுவதுதான். 1957இல் ஐபிஎம் நிறுவனத்திலிருந்து ஜான் பேக்கசின் குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான், கணித வாய்பாடு போல எழுதிய வரிகளைப் பொறிக் கட்டளைகளாக மாற்றியது. வேலையின் இயல்பு மாறிய பிறகும் கம்பைலர் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தமிழில் பெயர் சூட்டியவர்கள் பிரிந்து நின்றதற்கு இந்த வரலாறே காரணம் என்று கருதுகிறேன். வேலையைப் பார்த்தவர்கள் நிரல்பெயர்ப்பு, மொழிமாற்றம் என்றார்கள். சொல்லைப் பார்த்தவர்கள் தொகுத்தல் என்றார்கள். நிரல்பெயர்ப்பி, மொழிமாற்றி, தொகுப்பி, தொகுப்பான் என்ற நான்கும் இன்று வழக்கில் உள்ளன.

இவற்றுள் தொகுத்தல் என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. அதற்கு முதற்சான்று தொல்காப்பியத்தில் இருக்கிறது. மரபியலில் முதல்நூலும் வழிநூலும் பிரித்துக் காட்டப்படுகின்றன. அவற்றுள் வழிநூலின் வகைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்னும் நான்கு சொல்லப்படுகின்றன. மூலநிரல் முதல்நூல் என்றால், அதிலிருந்து பிறக்கும் இருமக் கோப்பு வழிநூல். தொகுத்தலும் மொழிபெயர்த்தலும் அந்தப் பட்டியலில் தனித்தனியே நிற்பதால், எதைக் கொள்வது என்ற கேள்விக்கும் அங்கேயே விடை தேடலாம். மொழிபெயர்ப்பு என்பது வேறொரு மொழியாரும் படித்துப் பொருள் கொள்வதற்காகச் செய்யப்படுவது. இருமக் கோப்பை எவரும் படிப்பதற்காகச் செய்வதில்லை.

இரண்டாம் சான்று இன்னும் வலிமையானது. தமிழ் இலக்கணத்தில் தொகை என்ற சொல்லுக்குத் திரட்டு என்பதோடு மறைந்து நிற்றல் என்ற பொருளும் உண்டு. 'பால் குடித்தான்' என்பதில் ஐ உருபு தொக்கு நிற்கிறது என்கிறோம். கம்பைல் செய்யும்போது நிகழ்வதும் இதுவே. மதிப்புகளைக் குறிக்க நிரலர் இட்ட மாறிப் பெயர்கள், தம் நோக்கத்தை விளக்கி எழுதிய குறிப்புரைகள், பத்தி அமைப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி இருமக் கோப்பில் இருப்பதில்லை. செயல் அப்படியே இருக்க, அதன் கருத்து தொக்கு நிற்கிறது. இருமக் கோப்பிலிருந்து மூலநிரலை மீட்க முயல்வதற்கும் இதே மரபில் 'விரித்தல்' என்ற சொல் காத்திருக்கிறது. ஆனால் தொகையை விரிப்பது ஒரே வழியில் முடிவதன்று. ஊறுகாய் என்ற வினைத்தொகையை ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலத்துக்கும் விரிக்கலாம். இருமக் கோப்பும் அத்தகையதே. ஒரே கட்டளை வரிசைக்கு மூலமாக இருந்திருக்கக்கூடிய நிரல்கள் பல. அதனால்தான் மறையாக்க மென்பொருள் ஒன்றின் இருமக் கோப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அதை எழுதியவர் என்ன எழுதினார் என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. மொழிபெயர்ப்பு என்ற சொல்லால் இந்த மறைவை உணர்த்த இயலாது.

தொகுத்தல் என்ற சொல்லுக்கு ஓர் இடையூறு இருப்பதை மறுப்பதற்கில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திருத்துவதற்கான பொத்தானிலும் 'தொகு' என்றே எழுதியிருக்கிறது. திரைப்படத்தின் படத்தொகுப்பும் இச்சொல்லையே கொண்டது. எனினும் 'மூலநிரலிலிருந்து தொகுத்தல்' என்று முழுமையாக எழுதினால் மயக்கம் வராது.

கருவியின் பெயரில் தொகுப்பான் என்பதைவிடத் தொகுப்பி நன்று. விசிறி, கரண்டி போன்ற கருவிப் பெயர்களின் ஓசை அதில் இருக்கிறது. கருவியைத் தொகுப்பி என்று அழைத்துவிட்டால், அதை இயக்குகிற மனிதரை எப்படிச் சொல்வது என்ற கேள்வி எழுகிறது. சங்கத் தொகைநூல்கள் இதையும் தீர்த்து வைத்திருக்கின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. கட்டளை இடுபவர் ஒருவர், திரட்டிக் கோப்பவர் இன்னொருவர் என்ற வேறுபாட்டை நம் முன்னோர் பெயரிலேயே காட்டினார்கள். கட்டளைகளை எழுத்தால் இடும் முனையத்தில் கட்டளையைத் தட்டிவிட்டு 'நானே கம்பைல் செய்தேன்' என்கிறவர், நேர்மையாகச் சொன்னால், தொகுப்பித்தவர்தான். குனூபிஜியைத் தொகுப்பிக்க முற்படுபவருக்கு இது விரைவில் விளங்கும். லிப்ஜிபிஜி-எரர், லிப்ஜிகிரிப்ட், லிப்அசுவான், லிப்கேஎஸ்பிஏ, என்பிடிஎச் ஆகிய நூலகங்கள், அதாவது பிற நிரல்கள் எடுத்தாளும் துணைநிரல் தொகுதிகள், முதலில் ஆயத்தமாக இருந்தால்தான் அதன் தொகுப்பு நிறைவேறும். பிறர் எழுதிய பலவற்றைத் திரட்டும் ஹாப்பரின் பழைய வேலை இன்றும் இப்படி உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவு உழைத்துத் தொகுப்பிப்பதன் பயன் என்ன என்பதற்கு ட்ரூகிரிப்ட் நல்ல சான்று. விண்டோஸ் பயனர்கள் வன்தட்டு மறையாக்கத்துக்குப் பரவலாக நம்பிய இம்மென்பொருளின் மூலநிரலை எவரும் பெற்றுப் படிக்கலாம். ஆனால் அதை எழுதியவர்கள் தம் அடையாளத்தை வெளிப்படுத்தவில்லை. பயனர்களில் மிகப் பெரும்பாலோர் இறக்கி நிறுவியது அவர்கள் தந்த இருமக் கோப்பைத்தான். வெளியிட்ட மூலநிரலிலிருந்துதான் அந்தக் கோப்பு பிறந்ததா என்ற ஐயத்தை 2013ஆம் ஆண்டு வரை யாரும் முறையாகத் தீர்த்திருக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில், கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு மாணவர் ஒருவர் அதன் 7.1ஏ பதிப்பை விண்டோஸில் தாமே தொகுப்பித்து, கிடைத்ததை அதிகாரப்பூர்வக் கோப்போடு ஒப்பிட்டார்.

எளிதாகத் தோன்றும் இந்த வேலைக்கு, எழுதியவர்கள் பயன்படுத்திய அதே தொகுப்பியை அதே பதிப்பில் தேட வேண்டியிருந்தது. முதன்மைப் பகுதிக்கு விஷுவல் ஸ்டூடியோ 2008 தேவைப்பட்டது. கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பகுதி 16 பிட் நிரல் என்பதால், அதற்கு 1990களைச் சேர்ந்த விஷுவல் சி பிளஸ் பிளஸ் 1.52 தேவைப்பட்டது. இருபது ஆண்டுப் பழமையான கருவியைத் தேடிப் பிடித்தால்தான் ஒரு பாதுகாப்பு மென்பொருளைச் சரிபார்க்க முடியும் என்ற நிலை கவலைக்குரியது. ஆயினும் முடிவு மனநிறைவு தந்தது. தொகுத்த நேரத்தைக் குறிக்கும் முத்திரை, மின்கையொப்பம் போன்று இயல்பாகவே மாறக்கூடிய சில இடங்களைத் தவிர இரண்டு கோப்புகளும் ஒத்திருந்தன. பின்பு மூலநிரலைத் தணிக்கை செய்தவர்கள் 2015 ஏப்ரலில் முடித்த அறிக்கையில், வேண்டுமென்று வைத்த பின்கதவு, அதாவது பிறர் கள்ளத்தனமாக நுழைவதற்கான வழி, எதையும் காணவில்லை என்றார்கள். மூலநிரலைப் படித்துச் சொன்ன அந்தத் தீர்ப்பு பயனர்களின் இருமக் கோப்புக்கும் பொருந்தும் என்று கொள்ள இடம் தந்தது அம்மாணவரின் தொகுப்புதான். ட்ரூகிரிப்ட் 2014 மே 28 அன்று நிறுத்தப்பட்டது. அதன் நிரலிலிருந்து கிளைத்த வெராகிரிப்ட் இன்றும் வெளிவருகிறது.

அன்று ஒருவர் கையால் செய்ததை இப்போது முறைப்படுத்தியிருக்கிறார்கள். ஒரே மூலநிரலை யார், எப்போது, எந்தக் கணினியில் தொகுப்பித்தாலும் பிட் மாறாமல் ஒரே கோப்பு கிடைக்கும்படி செய்வதே அம்முறை. டோர் உலாவியும் டெபியன் இயங்குதளமும் 2013 முதல் இதில் உழைத்து வருகின்றன. இதற்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை. 'மாறாத் தொகுப்பு' என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை.

மூலநிரல் என்ற சொல்லையும் கவனமாக ஆள வேண்டும் என்பதை 2024இல் கண்டோம். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் அவ்வாண்டு மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக நுழைவது ஏறத்தாழ அரை நொடி தாமதமானதை ஆராயப்போய் அவர் அதைக் கண்டுபிடித்தார். எல்லோரும் பார்க்கும் நிரற்களஞ்சியத்தில் இல்லாத ஒரு துணுக்கு, வெளியீட்டுக்கென்று கட்டித் தந்த மூலநிரல் பொதியில் மட்டும் இருந்தது. தொகுக்கும் வேளையில் அது இயங்கி, சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்து வைத்திருந்த நஞ்சை எடுத்துச் சேர்த்தது. அந்தப் பொதியைக் கொண்டு லினக்ஸுக்கான டெப், ஆர்பிஎம் நிறுவல் பொதிகளை ஆக்கியவர்களும் மூலநிரலிலிருந்துதான் தொகுப்பித்தார்கள். அவர்கள் கையில் இருந்த மூலம் களஞ்சியத்தின் மூலம் அன்று. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிக்கும் பதிப்பாசிரியரின் பழக்கம் இங்கே அப்படியே வேண்டியிருக்கிறது.

மூலநிரல் மாசற்றதாக இருந்தாலும், தொகுப்பித்தவர் நம்பியாக வேண்டிய இன்னொருவர் எஞ்சுகிறார். அவர் தொகுப்பியே. யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியோருள் ஒருவரான கென் தாம்ப்சன், டூரிங் விருதை ஏற்று ஆற்றி 1984இல் அச்சான உரையில் இதை எடுத்துக் காட்டினார். உள்நுழைவு நிரலைத் தொகுக்கும்போது அதில் பின்கதவைச் சேர்க்கவும், தன்னையே மறுபடி தொகுக்கும்போது அந்தத் தந்திரத்தைத் தன் வழித்தோன்றலுக்குக் கடத்தவும் ஒரு தொகுப்பிக்குக் கற்பித்துவிடலாம். அதன்பின் மூலநிரலில் அதன் தடயம் ஒரு வரிகூட இராது. சொல்லில் தொக்கு நிற்பது போலன்றி, இங்கே மூலத்தில் இல்லாத ஒன்று தொகையில் ஒளிந்திருக்கிறது. இதற்கு டேவிட் வீலர் தம் 2009ஆம் ஆண்டு முனைவர் ஆய்வேட்டில் விரிவாக நிறுவிய மாற்று, இரண்டாவது தொகுப்பி ஒன்றைத் துணைக்கு அழைப்பது. ஐயத்துக்குரிய தொகுப்பியின் மூலநிரலை, அதனோடு தொடர்பில்லாத வேறொரு தொகுப்பியால் தொகுக்க வேண்டும். அப்படிக் கிடைத்ததைக் கொண்டு அதே மூலநிரலை மீண்டும் ஒருமுறை தொகுத்து, முடிவை ஐயத்துக்குரிய இருமக் கோப்போடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பிட் பிசகாமல் பொருந்தினால், அந்தத் தொகுப்பி தன் மூலநிரலுக்கு உண்மையான வழிநூல் என்று கொள்ளலாம்.