லேபிளில் இல்லாத டையாக்சேன்

"ஷாம்புவில் டையாக்சேன் இருக்கிறதாமே, லேபிளில் எங்கு தேடியும் காணோமே?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. காணாது. புற்றுநோய் ஐயத்துக்குள்ளான இந்த வேதிப்பொருளை யாரும் சேர்ப்பதில்லை; தயாரிப்பின்போது தானாக விளைவது. லேபிளில் இடம்பெறுவதோ சேர்த்த பொருள்கள்தான்.

நுரைக்குப் பெயர்போன சோடியம் லாரில் சல்பேட் அழுக்கோடு தோலையும் பதம்பார்க்கும். அந்த முரட்டுத்தனத்தைத் தணிக்க, அதன் மூலப்பொருளான லாரில் ஆல்கஹாலுடன் எத்திலீன் ஆக்சைடை வினைபுரிய விடுகிறார்கள். மூலக்கூறின் நுனியில் இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன் கொண்ட கண்ணிகள் கோக்கப்படுகின்றன. சராசரியாக இரண்டு மூன்று. பிறகு சல்பர் டிரையாக்சைடு, கடைசியில் காரம். கிடைப்பது ஷாம்புவில் சேரும், சற்று சாதுவான சோடியம் லாரெத் சல்பேட்.

வேடிக்கை நடப்பது, காரம் சேர்வதற்கு முந்தைய அமிலச் சூழலில். கண்ணிகளாலான வாலின் நுனியில் ஒட்டிய சல்பேட் தொகுதி எளிதில் கழன்றுவிடக்கூடியது. வாலோ ஓயாமல் நெளிகிறது. தேள் கொடுக்கை வளைப்பதுபோல நுனி திரும்பி வரும்போது, இரண்டு கண்ணி தள்ளியிருக்கும் ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் இணையால் நுனிக் கார்பனைப் பற்றிக்கொள்கிறது, சல்பேட் விலகுகிறது, வளையம் மூடிவிடுகிறது. எண்ணிப் பாருங்கள்: நான்கு கார்பன், இரண்டு ஆக்சிஜன். ஏன் ஆறு? மூன்றணு வளையத்தில் பிணைப்புகள் வலிந்து வளைய வேண்டும். மிகப் பெரிய வளையமென்றால் இரு முனைகளும் சந்திப்பதே அரிது. ஆறில் கோணங்கள் இயல்பாக அமைகின்றன. மூடிய வளையம் நீண்ட கொழுப்புச் சங்கிலியை உதறிவிட்டு வெளியேறுகிறது. அதுதான் 1,4-டையாக்சேன். சூடோ சல்பர் டிரையாக்சைடோ மிஞ்சினால் இன்னும் கூடும்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கலாம் என்று ஐயப்படுபவற்றில், வைத்திருக்கிறது. விலங்கு ஆய்வுகளே முக்கியச் சான்று. பத்து லட்சத்தில் 10 பங்கு வரை பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய ஒன்றிய அறிவியல் குழுவின் கருத்து. எனவே பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். வெற்றிடத்தில் ஆவியாக்கி இதைப் பெருமளவு நீக்கிவிடலாம், செலவுதான். "கெமிக்கல் இல்லாதது" என்ற அபத்த விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை அதற்குச் செலவிட்டால் போதும் என்பது என் கட்சி.

உண்மையான தலைவலி குளியலறைக்கு வெளியே. டையாக்சேன் தண்ணீரில் முழுமையாகக் கலந்துவிடும், கொதிநிலையும் 101 டிகிரி. கொதிக்க வைத்துப் பிரிக்க முடியாது, கரி வடிகட்டியிலும் சரியாக ஒட்டாது. தொழிற்சாலைக் கழிவாலும் நிலத்தடி நீர் மாசுபட்ட நியூயார்க் மாநிலம், ஷாம்பு போன்றவற்றுக்கு 2023 முடிவிலிருந்து பத்து லட்சத்தில் 1 பங்கு என்று வரம்பு விதித்தது. அங்கே லாங் ஐலண்டில் கிணற்று நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து, புறஊதா ஒளி பாய்ச்சித்தான் அந்த வளையத்தை உடைக்கிறார்கள்.