மனச்சோர்வுக்கு அரசாங்க கிளினிக்கில் கிடைப்பதும், தோட்டப் பிள்ளைகளுக்கு இன்னும் கேட்டு வாங்க வேண்டியதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு பிள்ளைக்கு மனநலச் சிக்கல் என்றால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கா அனுப்பப் போறீங்க?" என்றுதான் ஊர் கேட்கும். 1911-ல் தொடங்கிய அந்த ஊர் மனநல மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பதால் பயம் தலைமுறைகளாக ஊறிக் கிடக்கிறது. ஆனால் முதலில் போக வேண்டிய இடம் அரசாங்க கிளினிக், அதாவது கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்.

பதியும்போது "சாரிங்கான் மிண்டா சிஹாத்" (மனநலப் பரிசோதனை) வேண்டும் என்று கேளுங்கள். அடையாள கார்டு எடுத்துப் போங்கள். 18 வயதாகாத பிள்ளைக்குச் சிகிச்சை தொடங்கப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். அம்மா, அப்பா காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கப் போய்விட, பாட்டி அழைத்துப் போனால் இங்கேதான் தடங்கல் வரும்.

மனச்சோர்வு அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் பிஎச்கியூ-9 படிவத்தில் 9 கேள்விகள். கடந்த 2 வாரங்களை நினைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். அதிகபட்ச மொத்தம் 27. பிள்ளையின் மொத்தம் 10-ஐத் தொட்டால் மருத்துவர் விரிவாக விசாரிக்க வேண்டும். 9-வது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ நினைத்தது உண்டா என்பது. அதற்கு 1 என்று விழுந்தாலும், மொத்தம் குறைவாயிற்றே என்று விட்டுவிடக் கூடாது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தால் பிள்ளை பேசாமல் 0 போட்டுவிடும். தயவுசெய்து அந்தப் பத்து நிமிடம் வெளியே இருங்கள். மலாய் தடுமாறும் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்த ஊழியர் படித்துக் காட்டலாமா என்று கேளுங்கள்.

போலீஸ் கேஸாகிவிடுமோ என்று மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு 2023 செப்டம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. உடனே பேச ஆள் வேண்டுமானால் 15555, காலை 8 முதல் நள்ளிரவு வரை. 15999, 24 மணி நேரமும். உயிருக்கு ஆபத்தென்றால் 999.

நிபுணரிடம் அனுப்பினால் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். தனியார் கிளினிக் கடிதமென்றால் முதல் வருகைக்கு 30 ரிங்கிட், அரசாங்க கிளினிக் கடிதத்தோடு போனால் அவ்வளவு ஆகாது.

இதெல்லாம் நோய் வந்த பிறகு. 13 முதல் 17 வயது மாணவர்களில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள், தேசிய சுகாதார ஆய்வின்படி, 2017-ல் 10 விழுக்காடு, 2022-ல் 13.1. வருமுன் காக்கும் வேலை பள்ளியில் நடக்க வேண்டும். கவுன்சலிங் ஆசிரியர் பதவியோ மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஒதுக்கப்படுகிறது. 150 பிள்ளைகள்கூட இல்லாத தோட்டப் பள்ளியில் வகுப்பாசிரியரே அதையும் சேர்த்துச் சுமக்கிறார். இது அநியாயம், பிள்ளைகள் குறைவு என்பதால் அவர்கள் வேதனை குறைந்துவிடாது.

பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகும். அதற்குச் சில மாதங்கள் முன்பே நிதி அமைச்சு இணையத்தில் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அதில் எழுதலாம். அதே கடிதத்தை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் மாவட்டக் கல்வி, சுகாதார அலுவலகங்களுக்கும் அனுப்பலாம். "மனநலத்துக்கு உதவுங்கள்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். நான்கு தோட்டப் பள்ளிகளுக்குச் சேர்த்துத் தமிழ் பேசும் ஒரு முழுநேர கவுன்சலர், நாள்சம்பளம் போகாமல் பெற்றோர் வர மாதம் ஒரு மாலை கிளினிக் என்று எண்ணிக்கையோடு கேளுங்கள். ஒவ்வொரு பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, கிளினிக்கிலிருந்து தூரம், பஸ் உண்டா இல்லையா என்பதை இணையுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளை எதன் பெயரும், அடையாளம் தெரியும் எந்தக் குறிப்பும் அதில் இருக்கக் கூடாது.