டிவைஸ் ட்ரீ என்னும் கருவி மரம்

மொரீசியசின் எபேன் நகரில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர்கள், கிரியோலில் பேசிக்கொண்டிருக்கும்போதே ‘டிவைஸ் ட்ரீ’ என்ற சொல்லை இயல்பாக இடையில் வைத்துவிடுவார்கள். தமிழில் எழுதும்போது அதைக் ‘கருவி மரம்’ எனலாம். ‘சாதன மரம்’ என்பதும் பிழையில்லை. ஆயினும் கருவி என்னும் பழந்தமிழ்ச் சொல் கையில் இருக்கையில் வடசொல்லைத் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஒரு மின்னணுப் பலகையில் எந்தெந்தச் சில்லுகள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்த நினைவக முகவரியில் கிடைக்கும், எந்தக் கடிகாரத்தில் ஓடும் என்பதை லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கர்னலுக்கு எடுத்துச் சொல்லும் தரவே கருவி மரம். யுஎஸ்பியில் செருகிய கருவி தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும். சில்லுக்குள்ளேயே பொதிந்த தொடர்முனையம் (சீரியல் போர்ட்) அவ்வாறு செய்யாது. ஆகவே அதை யாரேனும் எழுதிவைத்தாக வேண்டியிருக்கிறது.

சொல்லின் பிறப்பு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கணினிகளின் தொடக்க நிரலில் இருக்கிறது. அது 1994இல் ஐஇஇஇ 1275 என்ற தரமாயிற்று. அதன் பெயர் ஓப்பன் ஃபர்ம்வேர். அங்கே கணினி இயக்கம் பெறும்போது தொடக்க நிரலே மரத்தைக் கட்டிக் கொடுத்தது. அத்தகைய நிரல் இல்லாத பவர்பிசி என்னும் செயலி வகைப் பலகைகளுக்காக, மரத்தை முன்னதாகவே தட்டையான ஒரே கோப்பாக்கிக் கொடுக்கும் முறை பின்னர் வந்தது. கைப்பேசிகளில் பரவலான ஆர்ம் வகைச் சில்லுகளோ பலகைக்கொரு சி நிரலைச் சேர்த்துக்கொண்டே போயின. 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பெருக்கத்தைக் கடுமையாகச் சாடிய பிறகே அவையும் கருவி மரத்தின் பக்கம் திரும்பின.

மரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஆங்கிலத்தில் ‘நோட்’ என்று பெயர். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்கு இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை, அது கணு. ஒரு கணுவிலிருந்து கிளைக்கணுக்கள் பிரிகின்றன, ஒவ்வொன்றும் தன் பண்புகளைச் சுமக்கிறது. அவற்றுள் ‘கம்பாட்டிபிள்’ என்னும் பொருந்துமைப் பண்பு முதன்மையானது, ஏனெனில் அதில் உள்ள எழுத்துச் சரத்தைத் தன் பட்டியலில் வைத்திருக்கும் இயக்கியையே (டிரைவர்) கர்னல் தேர்ந்தெடுக்கிறது.

கோப்புகளை அடுக்கும் முறையும் இந்தக் கிளைப்பை ஒட்டியதே. சில்லுக்குப் பொதுவானவை டிடிஎஸ்ஐ என முடியும் சேர்ப்புக் கோப்பிலும், பலகைக்கு உரியவை டிடிஎஸ் கோப்பிலும் அமைகின்றன. சில்லுக் கோப்பில் பெரும்பாலும் ‘டிஸேபில்ட்’ என்று உறங்கும் கணுவைப் பலகைக் கோப்பு ‘ஓகே’ என்று எழுப்பும். ஆனால் கர்னலின் மூலநிரலில் இக்கோப்புகள் இருக்கும் அடைவுகளின் (கோப்புறைகளின்) பிரிவு வேறொரு கணக்கில் நடக்கிறது. 32 பிட் ஆர்ம் கோப்புகள் நெடுங்காலம் ஒரே அடைவில் குவிந்துகிடந்து, 2023இல் வெளிவந்த 6.5 கர்னலில்தான் நிறுவனவாரியாகப் பிரிக்கப்பட்டன. 64 பிட் பகுதி இதை முன்பே செய்துவிட்டது. நிறுவனம் என்பது இங்கே பெரும்பாலும் சில்லைச் செய்தவர், பலகையை விற்பவரல்ல: ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிப் பலகையின் கோப்புகளைத் தேடுவோர், அதன் சில்லைச் செய்த பிராட்காமின் அடைவுக்குத்தான் போக வேண்டும். மூலக்கோப்புகள் இடம்பெயர்ந்தாலும், தொகுத்த 32 பிட் கோப்புகளை நிறுவும்போது அவை பழையபடி ஒரே அடைவில் வந்து அமரும்படி விட்டிருக்கிறார்கள். பழைய பாதைகளை நம்பியிருக்கும் தொடக்க நிரல்கள் அதனால் தப்பின.