எடை மாறவில்லை, பிறகு ஏன் ஆடுகிறது டிரெய்லர்?

சிறிய கேம்பிங் டிரெய்லர் ஒன்றைக் காரின் பின்னால் இணைத்துக்கொண்டு கோடையில் சில வாரங்கள் நெடும்பயணம் போக இருக்கும் தம்பதியர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். சென்ற பயணத்தின் முதல் நாளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலும் கோடு போட்டதுபோல் நேராக வந்த டிரெய்லர், சில நாட்கள் கழித்து அதே வேகத்தில் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியதாம். பலத்த காற்று இல்லை, சாலையில் பழுதில்லை, டயரில் காற்றும் சரியாகவே இருந்தது, புதிதாக எந்தப் பாரமும் ஏற்றவில்லை. அப்படியானால் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பது அவர்களுடைய கேள்வி.

ஹிட்ச் எனப்படும் இணைப்புப் பந்தை மையமாகக் கொண்டு பக்கவாட்டில் ஆடும் ஊசலாக டிரெய்லரைக் கருதலாம். எந்த ஊசலுக்கும் அதை நடுநிலைக்கு இழுக்கும் மீள்விசை ஒன்று இருக்கும். அலைவைச் சிறிது சிறிதாகத் தின்று அடக்கும் தணிப்பு விசை இன்னொன்று இருக்கும். இது பள்ளியில் படித்ததுதான். டிரெய்லரில் இந்த இரண்டு விசைகளையும் தருபவை அதன் டயர்களே. ஒரு டயர், தான் நோக்கியிருக்கும் திசையிலிருந்து சற்றே விலகிய திசையில் உருளும்போது, சாலையைத் தொடும் அதன் ரப்பர் முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஒரு விசையை உண்டாக்குகிறது. விலகல் கோணம் சிறியதாக இருக்கும்வரை விசை அந்தக் கோணத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வாகன இயக்கவியலில் இந்தக் கருத்தை 1925-ஆம் ஆண்டில் முன்வைத்தவராகப் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே குறிப்பிடப்படுகிறார்.

இப்போது வேகத்தைக் கணக்கில் சேர்ப்போம். டிரெய்லர் ஒரு பக்கம் திரும்பி நின்றால், அந்தக் கோணமே விலகல் கோணமாகிறது. அதனால் வரும் மீள்விசை, நாம் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதைப் பொறுத்ததல்ல. தணிப்பு விசையின் கதை வேறு. டிரெய்லரின் சக்கரம் பக்கவாட்டில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வீசப்படுகிறது என்று கொள்வோம். கார் மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால், அந்த வீச்சால் உண்டாகும் விலகல் கோணம் ஏறத்தாழ 2.9 பாகை. 72 கிலோமீட்டரில் அது 1.4 பாகையாகவும், 108 கிலோமீட்டரில் ஒரு பாகைக்கும் சற்றுக் குறைவாகவும் சுருங்கிவிடுகிறது. வீச்சு அதேதான், ஆனால் அதை எதிர்க்கும் விசை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஊசலை நடுவுக்கு இழுக்கும் விசை அப்படியே இருக்க, அதை ஓயவைக்கும் விசை மட்டும் வேகம் கூடக் கூடத் தேய்ந்துகொண்டே போகிறது.

ஹிட்ச் அசையாமல் ஒரே கோட்டில் நகர்ந்தால், எவ்வளவு சிறியதாயினும் தணிப்பு எஞ்சியிருக்கும். ஆட்டம் எப்படியும் ஓய்ந்துவிடும். ஆனால் ஹிட்ச் காரின் பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. டிரெய்லர் அதைப் பக்கவாட்டில் தள்ளும்போது காரின் பின்பகுதி சற்று விலக, முன்பகுதி எதிர்ப்பக்கம் திரும்ப, அந்த அசைவு மீண்டும் டிரெய்லருக்கே போய்ச் சேருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கார் இவ்வாறு ஊட்டும் ஆற்றல், டயர்கள் தின்னும் ஆற்றலைத் தாண்டும் வேகம் ஒன்று உண்டு. அதுவே அந்த வண்டியின் மாறுநிலை வேகம். அதற்குக் கீழே ஆட்டம் தானே அடங்கும். அதற்கு மேலே, எதிரே வரும் ஒரு லாரி கிளப்பும் காற்றே போதும்; ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும்.

ஆகவே ஹிட்சைத் தள்ளாத டிரெய்லர் வேண்டும். அப்படி ஒன்று இருக்க முடியுமா? முடியும் என்பதுதான் இந்த இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிரிக்கெட் மட்டையின் சரியான இடத்தில் பந்து பட்டால் கைப்பிடியில் அதிர்வே தெரிவதில்லை. அந்த இடத்துக்கு மேலேயோ கீழேயோ பட்டால் கை எரிகிறது. மட்டையின் நிறைமையத்தைத் தாண்டிச் சற்றுத் தள்ளி இருக்கும் அந்தப் புள்ளியில் அடி விழும்போது, மட்டை நகர்வதும் சுழல்வதும் கைப்பிடியில் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்துகொள்கின்றன. டிரெய்லரில் கைப்பிடியின் இடத்தில் ஹிட்சும், பந்தின் இடத்தில் சக்கர அச்சும் இருக்கின்றன. சாலை தரும் பக்கவாட்டு விசை முழுவதும் அச்சின் வழியாகத்தான் டிரெய்லருக்குள் நுழைகிறது. அச்சு அந்தப் புள்ளியில் அமைந்துவிட்டால், டயர்கள் டிரெய்லரை எவ்வளவு பலமாக இழுத்தாலும் ஹிட்ச் அதை உணர்வதேயில்லை. கார் என்ற கூட்டாளி இந்த ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறது.

அந்தப் புள்ளியின் இடத்தைக் கணக்கிடுவதும் எளிது. டிரெய்லரின் நிறை அதன் நிறைமையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் நீளம்தான் சுழற்சி ஆரம். அதன் வர்க்கத்தை, ஹிட்சிலிருந்து நிறைமையம் இருக்கும் தொலைவால் வகுத்தால் கிடைக்கும் நீளமே, நிறைமையத்துக்குப் பின்னால் அச்சு இருக்க வேண்டிய தொலைவு. 800 கிலோ எடையுள்ள சிறிய டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நிறைமையம் ஹிட்சிலிருந்து 3 மீட்டரிலும், சுழற்சி ஆரம் 1.1 மீட்டராகவும் இருந்தால், அச்சு 40 சென்டிமீட்டர் பின்னால் அமைய வேண்டும். அப்போது நெம்புகோல் விதிப்படி ஹிட்சின்மேல் விழும் பாரம் ஏறத்தாழ 94 கிலோ, அதாவது மொத்த எடையில் 12 சதவீதம். வட அமெரிக்காவில் டிரெய்லர் இழுப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விதி, ஹிட்ச் பாரம் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது. அனுபவத்தில் கண்ட விதியும் இந்தச் சிறிய கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் காணும்போது எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாகிறது. ஐரோப்பாவில் இதைவிடக் குறைந்த ஹிட்ச் பாரமே வழக்கம். ஆனால் அங்கே வேக வரம்பும் குறைவு; ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவான வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர், தனி ஒப்புதல் பெற்ற இணைப்புகளுக்கு மட்டும் 100.

தம்பதியரின் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். புறப்படும்போது அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருக்கும் நல்ல தண்ணீர்த் தொட்டியில் 60 லிட்டர் நிரப்பியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். குளித்தும் சமைத்தும் கழுவியும் முடித்த பிறகு அதே தண்ணீர், அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்குப் போய்விடுகிறது. மொத்த எடையில் ஒரு கிலோ கூட மாறவில்லை. ஆனால் 94 கிலோவாக இருந்த ஹிட்ச் பாரம் 59 ஆகிவிட்டது. நிறைமையத்துக்கும் அச்சுக்கும் இடையே இருந்த 40 சென்டிமீட்டர் 25 ஆகச் சுருங்கிவிட்டது. காரின் கூரையில் இருந்த 30 கிலோ சைக்கிள்களை இறக்கி, டிரெய்லரின் பின்புறம், அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி மாட்டினால் ஹிட்ச் பாரம் 41 கிலோவுக்கு வந்துவிடும், இடைவெளி 17 சென்டிமீட்டராகும். அதோடு, வால்முனையில் தொங்கும் சைக்கிள்கள் சுழற்சி ஆரத்தைப் பெருக்குவதால், தேவைப்படும் இடைவெளி முன்பைவிடக் கூடுகிறது. தேவை ஏறுகிறது, இருப்பு இறங்குகிறது.

இதனால்தான் ஹிட்ச் பாரம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. 20 கிலோ பெட்டிகள் இரண்டை அச்சுக்கு முன்னும் பின்னும் 2 மீட்டர் தொலைவில் வைத்தாலும், அரை மீட்டர் தொலைவில் வைத்தாலும் ஹிட்ச் பாரம் ஒன்றுதான். ஆனால் அவற்றின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சியைத் தொடங்கவோ நிறுத்தவோ அவை தரும் எதிர்ப்பின் அளவு, முதல் முறையில் 160, இரண்டாவதில் 10; அலகு, கிலோகிராம் மீட்டர் வர்க்கம். பதினாறு மடங்கு வேறுபாடு! கனமானவை எல்லாம் அச்சை ஒட்டித் தரையோடு தரையாக இருக்க வேண்டும். இரு முனைகளிலும் போர்வை, தலையணை போன்ற இலேசானவை போதும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிறைப் பங்கீட்டையும் அச்சின் இடத்தையும் மாற்றியமைக்கக்கூடிய ஒரு டிரெய்லரைச் சாலையில் ஓட்டிப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரிந்தது. நிலைமத் திருப்புத்திறன், ஹிட்ச் பாரம், அச்சின் இடம் ஆகியவையே நிலைத்தன்மையைப் பெரிதும் தீர்மானித்தன. மொத்த நிறையை மட்டும் மாற்றியபோது விளைவு சிறிதாகவே இருந்தது. ஹிட்சில் பொருத்தும் உராய்வுக் கருவி நடுத்தர வேகத்தில் உதவியது. உயர் வேகத்தில் மின்னணு முறையில் பிரேக்கை இயக்கும் கருவியே நன்கு பயன்பட்டது. இத்தகைய ஆய்வுகளுக்குக் கூடுதல் நிதி கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இவற்றின் முடிவுகள் பளபளப்பானவை அல்ல. ஆனால் ஒரு குடும்பம் வண்டியில் எந்தப் பெட்டியை எங்கே வைக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தருபவை.

ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதித்து டிரெய்லரை இழுத்து நேராக்கலாம் என்ற நம்பிக்கை ஓட்டுநர்களிடையே இன்னும் உலவுகிறது. வேகம் கூடினால் தணிப்பு குறையும் என்று மேலே கண்டோம். ஆகவே இந்த நம்பிக்கை ஆளையே கொல்லக்கூடியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகவும் உறுதியாகவும் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையும்படி விட வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிராகத் திருப்ப முயன்றால், நம் கை எப்போதும் சற்றுப் பிந்தியே செயல்படுவதால், ஆட்டத்துக்கு நாமே ஆற்றல் ஊட்டுவோம். டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகக் கையால் இயக்கும் வசதி இருந்தால் அதை மெதுவாக அழுத்தலாம். பின்னாலிருந்து இழுபடும் டிரெய்லர் நேராகிவிடும்.

ஹிட்ச் பாரத்தை அளக்கச் சிறப்புக் கருவி தேவையில்லை. சமதரையில் காரிலிருந்து டிரெய்லரைக் கழற்றி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, ஹிட்ச் தலையின் கீழே ஒரு கட்டையை நிறுத்தி, அந்தக் கட்டையை எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் வைத்தால் போதும். அதிக பாரமும் ஆகாது. அது காரின் பின்பக்கத்தை அமுக்கி, முன்சக்கரங்களின் பிடியைக் குறைத்துவிடும், கார் உற்பத்தியாளர் குறித்திருக்கும் உச்சவரம்பையும் மீறக்கூடும். அளவைப் புறப்படும் நாளில் ஒருமுறை எடுத்தால் பத்தாது. நல்ல தண்ணீர்த் தொட்டி காலியான நிலையில் ஒருமுறையும், சைக்கிளையோ கூடாரத்தையோ இடம் மாற்றியபின் ஒருமுறையும் எடுக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியை, அதற்கென்று உள்ள இடத்தில், நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்பே காலிசெய்துவிட வேண்டும்.