விவாகரத்து, குழந்தை கஸ்டடி: மனுவை எந்த ஊரில் போடுவது?

"கல்யாணம் நடந்த ஊருக்குப் போம்மா, இங்கே வாங்க மாட்டோம்." கைக்குழந்தையோடு மனு போட வரும் பெண்களை நீதிமன்ற அலுவலகத்தில் இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்புவது இன்னும் நடக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவு 2003-லேயே திருத்தப்பட்டுவிட்டது. மனு போடுவது மனைவி என்றால், அவர் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். தாய் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் அந்த ஊர்தான். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கும் இதே உரிமை உண்டு. குடும்ப நல நீதிமன்றம் இருந்தால் அங்கே போடுங்கள். இல்லாத ஊரில் இந்து திருமண வழக்குகளுக்குச் சப் கோர்ட், அதாவது சார்பு நீதிமன்றம்.

அடுத்த முட்டுக்கட்டை ஆதார். அதில் பெரும்பாலும் மாமியார் வீட்டு முகவரிதான் இருக்கும். அதைக் காட்டி மனுவை ரிட்டர்ன் போடுவார்கள். தாய் வீட்டு முகவரியில் பாஸ்புக், வாடகை ஒப்பந்தம், குழந்தையின் பள்ளிச் சான்று என்று கையில் கிடைப்பதைச் சேருங்கள். எந்தத் தேதியிலிருந்து அங்கே இருக்கிறீர்கள் என்பதை மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால், வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

தாமதம் செய்யாதீர்கள். கணவர் முந்திக்கொண்டு வேறு மாவட்டத்தில் விவாகரத்து மனு போட்டால், நீங்கள் பிறகு போடும் விவாகரத்து மனுவும் அங்கேயே போய்விடும். அதை உங்கள் ஊருக்குக் கொண்டுவர உயர் நீதிமன்றத்தில் டிரான்ஸ்பர் மனு போட வேண்டும். இதைவிட மோசமானது, சம்மன் பழைய முகவரிக்குப் போய், வழக்கு நடப்பதே உங்களுக்குத் தெரியாமல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வருவது. தெரிந்த அன்றே வக்கீலைப் பாருங்கள். தீர்ப்பை நீக்கக் கேட்பதற்கு 30 நாள்தான் கெடு. கையில் வரும் சம்மனை வாங்க மறுக்கவும் வேண்டாம். மறுத்தாலும் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

குழந்தை விஷயத்தில் கணக்கு வேறு. விவாகரத்து வழக்கு ஓடிக்கொண்டிருந்தால் அதே நீதிமன்றத்தில் இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவில் கேட்கலாம். வழக்கு இல்லாமல் கஸ்டடி மட்டும் வேண்டுமென்றால், 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர்தான். கோடை விடுமுறைக்கு என்று கூட்டிப்போய், திருப்பி அனுப்பாமல், அங்கிருந்தே மனு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளி வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். குழந்தை எங்கே வளர்ந்தது என்பதை அவை காட்டும். ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 'அப்பாதான் கார்டியன்' என்று மிரட்டினால் பயப்படாதீர்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் எழுதி வாங்குவதும், இருபது ரூபாய்ப் பத்திரத்தில் நோட்டரி முத்திரையோடு எழுதும் 'விடுதலைப் பத்திரமும்' விவாகரத்து ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்து சிக்கியவர்கள் உண்டு.

வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் தர வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். அங்கே வருமானச் சான்று கேட்டால், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவைச் சொல்லுங்கள்.